மந்தமான வயிறும் கோலாலம்பூர் அரிசியும்

மூட்டுவலி என்று போங்கள், தோலில் அரிப்பு என்று போங்கள், தூக்கம் வரவில்லை என்று போங்கள். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஆயுர்வேதம் முறையாகப் படித்த வைத்தியர் முதலில் வயிற்றைத்தான் விசாரிப்பார். வேளாவேளைக்குப் பசிக்கிறதா, நேற்று இரவு சாப்பிட்டது காலையில் ஏப்பமாக எட்டிப் பார்க்கிறதா, மலம் தண்ணீரில் மிதக்கிறதா மூழ்குகிறதா, நாக்கில் வெள்ளைப் படிவு உண்டா என்று வரிசையாகக் கேட்பார். முழங்கால் வலிக்கு நாக்கை எதற்கு நீட்டச் சொல்கிறார் என்று பலருக்கும் தோன்றும்.

அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலான ஒரு கோட்பாடு இருக்கிறது. உண்டதைச் செரிக்கும் ஆற்றலை ஆயுர்வேதம் அக்கினி என்கிறது. அஷ்டாங்க ஹிருதயம் எழுதிய வாக்படர், பெருவயிறு நோயைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போதே, எல்லா நோய்களும் அந்தத் தீ மந்தமாவதால் வருகின்றன என்று தயங்காமல் எழுதிவிடுகிறார். தீ மந்தமானால் உணவு அரைகுறையாகச் செரிக்கும். அப்படிச் செரியாமல் நின்ற சாற்றுக்கு ஆமம் என்று பெயர். பிசுபிசுப்பான அந்தப் பொருள் உடலெங்கும் சுற்றி, பலவீனமான இடம் பார்த்துத் தங்கி, தங்கிய இடத்துக்கேற்ற நோயாக வெளிப்படும். மூட்டில் தங்கினால் ஆமவாதம். ஏழாம், எட்டாம் நூற்றாண்டுவாக்கில் தொகுக்கப்பட்ட மாதவ நிதானம் இதைத் தனி நோயாகவே விவரிக்கிறது. திருக்குறளின் மருந்து அதிகாரத்திலும் பத்தில் ஆறு குறள்கள் உண்ணும் முறையைப் பற்றியவை. அவற்றில் ஒன்று செரிமான ஆற்றலைத் தீ என்றே குறிக்கிறது. வைத்தியர் வீட்டு ஏடுகளைத் தாண்டி நம் அடுப்படி வரைக்கும் வந்துவிட்ட எண்ணம் இது. சுக்கும் ஓமமும் சீரகத் தண்ணீரும் பெருங்காய மோரும் இதன் வாரிசுகள்.

இந்தக் கோட்பாட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. என்ன சாப்பிட்டோம் என்பதோடு நிற்காமல், சாப்பிட்டது உள்ளே போய் என்ன ஆனது என்று கேட்கச் சொன்ன பழைய மருத்துவம் இது. ஆனால் எல்லா நோய்களும் ஒரே வாசல் வழியாகத்தான் வருகின்றன என்பதை அப்படியே ஏற்க முடியாது. அதைச் சோதித்துப் பார்க்கக் கோலாலம்பூர் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் குறைவு. ஒரே வெயில், ஒரே மழை, பக்கத்துப் பக்கத்தில் மூன்று இனத்தவர், மூன்று விதமான சமையல். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு இங்கே நடந்த ஒரு சோதனை, செரிமானத்தைப் பற்றிய உலகத்தின் புரிதலையே மாற்ற உதவியது. அதில் நம் புழுங்கல் அரிசிக்கு முக்கியமான இடம் உண்டு. தமிழ் வாசகர்களுக்கு அந்தக் கதை இன்னும் சரியாகச் சொல்லப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி என்ற நோய் கொத்துக்கொத்தாகக் கொன்றது. கால் மரத்துப்போகும், கெண்டைக்கால் சதையைத் தொட்டாலே வலிக்கும், நடை தடுமாறும். சிலருக்கு உடம்பு நீர்கோத்து வீங்கும். இதயம் தளர்ந்து, மூச்சுத் திணறி, சில நாட்களில் ஆள் போய்விடுவார். கிருமியியலின் முன்னோடிகளான பாஸ்டர், கோக் காலம் அது. எந்த நோய்க்கும் ஒரு கிருமியைத் தேடினார்கள். ஈரமண்ணிலிருந்து கிளம்பும் நச்சுக்காற்று என்றும், கட்டடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் தொற்று என்றும் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள்.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் ஒன்றைக் கவனித்தார். அதே ஊரில், அதே மழையில், அதே கொசுக்கடியில் வாழும் தமிழர்களுக்குப் பெரிபெரி அநேகமாக வருவதில்லை. கம்பத்து மலாய்க்காரர்களுக்கும் அரிது. வித்தியாசம் சோற்றில் இருந்தது. சீனத் தொழிலாளர்களுக்குச் சயாமிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் இயந்திர ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி வந்தது. மலாய்க்காரர்கள் தங்கள் வயல் நெல்லை அன்றன்றைக்குக் குத்திச் சமைத்தார்கள். தமிழர்கள் எங்கே போனாலும் புழுங்கல் அரிசி கேட்டார்கள். தோட்ட நிர்வாகங்களும் இந்தியாவிலிருந்து அதைத் தருவித்துக் கொடுத்தன. பச்சரிசி பழசாகும்போது அதில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று பிராடன் கருதினார். 1907ல் அதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார்.

கவனிப்பு வேறு, சோதனை வேறு. சோதனையைச் செய்தவர் கோலாலம்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் ஃபிளெட்சர். நகரத்து மனநலக் காப்பகத்தில் 1905ல் பெரிபெரி புகுந்தது. 219 பேரில் 94 பேரைப் பிடித்தது, 27 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று, காப்பகத்தில் இருந்தவர்கள் எல்லாரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க விடுதிக்கு, இரட்டைப்படை எண்காரர்கள் மேற்குப் பக்கத்துக்கு. கிழக்கே பழையபடி சயாம் பச்சரிசி. மேற்கே இந்தியப் புழுங்கல் அரிசி. மற்றபடி கறி, மீன், காய்கறி எல்லாம் ஒன்றுதான்.

ஓர் ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, பச்சரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி வந்திருந்தது; 18 பேர் இறந்திருந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் நோயோடு காணப்பட்டவர் இருவர் மட்டுமே, அவர்களும் வரும்போதே நோயோடு வந்தவர்கள். அந்தப் பக்கம் பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. ஃபிளெட்சர் 1907ல் லான்செட் இதழில் இதை எழுதினார்.

இந்தக் கணக்கை வியந்து மட்டும் கடந்துபோக என்னால் முடியவில்லை. கொட்டகையில் நின்ற அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லக்கூடிய நிலையில் பலர் இல்லை. சந்தேகத்துக்கு உள்ளான அரிசியையே ஓராண்டு தின்னக் கொடுத்தார்கள். மருத்துவ வரலாற்றில் அவர்கள் ஒற்றைப்படை எண்களாகத்தான் எஞ்சினார்கள். இன்று எந்த ஆய்வு நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது.

அடுத்த அடியை எடுத்து வைத்தது, 1900ல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டு இன்றும் இயங்கும் மருத்துவ ஆய்வுக் கழகம். அங்கே இருந்த ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானின் டுரியான் தீப்புஸ் காட்டில் சாலை போட வந்த 300 ஜாவாத் தொழிலாளர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். அதுவரை மனிதர் குடியிராத காடு, புதிதாகக் கட்டிய கொட்டகைகள். ஆகவே தொற்று ஒட்டிக்கொண்டிருந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. பச்சரிசிக் குழுவில் பெரிபெரி வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் குழு மாறியது. பிறகு கோழிகளை வைத்துப் பார்த்ததில், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் தளர்ந்தது என்றும், கூடவே தவிடு கொடுத்தால் அது வராமல் தடுக்கலாம் என்றும் தெரிந்தது. ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மன் முன்பே கோழிகளில் கண்டதோடு இது பொருந்தியது. அரிசியில் நஞ்சு எதுவும் கிடையாது; தீட்டும்போது போய்விடும் ஏதோ ஒன்றுதான் குறை. 1912ல் காசிமிர் ஃபங்க் அதற்கு வைட்டமின் என்ற பெயரைத் தந்தார். 1926ல் பத்தாவியாவில் யான்சனும் டோனாத்தும் தவிட்டிலிருந்து அதைப் படிகமாகவே பிரித்தெடுத்தார்கள். இன்று அது தயமின், அதாவது வைட்டமின் பி1.

புழுங்கல் அரிசிக்கு அந்தப் பாதுகாப்பு எப்படி வந்தது? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கிறோம். தயமின் நீரில் கரையும். தவிட்டிலும் முளைப்பகுதியிலும் இருப்பது கரைந்து அரிசிமணியின் உள்ளே இறங்குகிறது. அவிக்கும் சூட்டில் மாவுச்சத்து இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பகுதி உள்ளே தங்கிவிடும். அரிசி உடையாமல் இருக்கவும் பூச்சி பிடிக்காமல் இருக்கவும் நம் முன்னோர் கண்ட முறை இது. வைட்டமினை நினைத்துச் செய்தது கிடையாது. ஆனாலும் தோட்டத்து லயங்களில் எத்தனையோ உயிர்களைக் காத்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கே சாப்பாடானபோதும், சயாம் ரயில்பாதை முகாம்களில் மட்டமான அரிசி போட்டபோதும், தமிழர்களும் பெரிபெரியில் விழுந்தார்கள். அந்த நோயிடமிருந்து நம்மைக் காத்தது இனமோ ரத்தமோ அல்ல, சோறு.

இனி ஆயுர்வேதத்துக்குத் திரும்புகிறேன். பெரிபெரி வந்த சீனத் தொழிலாளருக்கு வயிற்றில் கோளாறு கிடையாது. சோறு இரைப்பையில் கரைந்தது, குடலில் சர்க்கரையாகப் பிரிந்தது, ரத்தத்தில் ஏறியது. கெட்டது அதற்குப் பிறகு. உயிரணுவுக்குள் சர்க்கரை பைருவேட் என்ற பொருளாக உடைந்து, அடுத்த கட்டத்துக்குப் போய் முழுதாக எரிய வேண்டும். அந்த வாசலைத் திறக்கும் நொதி தயமின் இல்லாமல் வேலை செய்யாது. உடம்பின் தயமின் கையிருப்பு மொத்தமே 30 மில்லிகிராம் அளவுதான், இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்தால் பைருவேட்டும் லாக்டிக் அமிலமும் தேங்கும். ஓயாமல் எரிபொருள் கேட்கும் நரம்பும் இதயமும் முதலில் தளரும். சோறு அதிகமாகத் தின்னத் தின்ன தயமின் தேவையும் கூடுமே தவிரக் குறையாது.

ஆயுர்வேத ஆசான் சரகரின் மரபில் அக்கினிகள் பதின்மூன்று. வயிற்றில் இருக்கும் ஜடராக்கினி ஒன்று. ஐம்பூதங்களுக்குரியவை ஐந்து. ரசம், ரத்தம், மாமிசம், கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை, சுக்கிலம் என்ற ஏழு தாதுக்களுக்கும் ஆளுக்கொன்றாக ஏழு. உணவு வயிற்றில் செரித்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு திசுவும் தன் பங்குக்கு அதை மறுபடி செரிக்க வேண்டும் என்பது இதன் சாரம். நுண்ணோக்கியும் வேதியியலும் இல்லாத காலத்தில் செரிமானத்தை வயிற்றோடு முடித்துவிடாமல் திசுவரை நீட்டிப் பார்த்தது பெரிய சிந்தனை. அதைப் படிக்கும்போது உண்மையிலேயே பெருமைப்படுகிறேன்.

ஆனால் அதோடு நிற்பதுதான் நேர்மை. தேங்கிய பைருவேட்தான் ஆமம், தயமின்தான் தாது அக்கினி என்று இரண்டையும் ஒட்டிக் காட்டும் பேச்சுகளைக் கேட்கிறோம். ஒட்டாது. ஆமத்தை யாரும் குப்பியில் பிரித்தெடுத்ததில்லை. அளக்க முடியாததைப் பொய்யென்றும் நிரூபிக்க முடியாது, மெய்யென்றும் நிரூபிக்க முடியாது. தாது அக்கினி என்ற எண்ணத்தை வைத்துக்கொண்டு, இந்த அரிசி தின்றால் சாவாய், அந்த அரிசி தின்றால் பிழைப்பாய் என்று எந்த வைத்தியரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதைச் சொல்ல இரண்டு வரிசைச் சாப்பாடும் ஒரு பேரேடும் தேவைப்பட்டன.

பெரிபெரிக்குத் தப்பிய அதே தமிழர்கள் வேறு நோய்களில் மடிந்ததையும் மறக்கக் கூடாது. கித்தாத் தோட்டங்களில் மலேரியாவும் கொக்கிப்புழுவும் வயிற்றுக்கடுப்பும் வாரிக்கொண்டு போயின. 1901ல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், ஊரைச் சுற்றிய சதுப்பை வடிகால் வெட்டி வற்றவைத்த பிறகே கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மலேரியா வெகுவாகக் குறைந்தது. துறைமுகத்துக்கு இன்று கிள்ளான் துறைமுகம் என்று பெயர். எவருடைய செரிமானத் தீயையும் யாரும் தூண்டிவிடவில்லை. கொசு பெருக இடமில்லாமல் போனது, அவ்வளவுதான்.

வயிற்று நோயிலேயே கூட இந்தக் கோட்பாடு தடுமாறும் இடம் ஒன்று உண்டு, அதன் ஒரு பகுதி கோலாலம்பூரில் துலங்கியது. இரைப்பைப் புண்ணுக்குக் காரமும் கவலையும் நேரம் தவறிய சாப்பாடும்தான் காரணம் என்று உலகமே நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் 1984ல் கிருமிக் கரைசலைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005ல் இருவருக்கும் நோபல் பரிசு.

மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் கோ கியான் லீ, நுண்ணுயிரியலாளர் பராசக்தி முதலானோர் மலேசியர்களின் இரைப்பையில் இந்தக் கிருமியைத் தேடினார்கள். இந்தியர்களிடமும் சீனர்களிடமும் மிகுதி, மலாய்க்காரர்களிடம் குறைவு, கிளந்தானில் மிக மிகக் குறைவு. ஒரே நகரம், ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே மமாக் கடைத் தே தாரிக். பிறகு ஏன் இந்த வேறுபாடு? இந்தக் கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. ஒரே இனத்துக்குள் மணம், ஒரே இனத்துக்குள் குடும்பம் என்று வாழும் சமூகத்தில் கிருமியும் அந்தக் குடும்பத்தோடு தலைமுறை தலைமுறையாக வரும். 2009ல் வெளியான மரபணு ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: மலேசிய மலாய்க்காரர்களின் வயிற்றில் உள்ள கிருமி இந்தியர்களிடம் உள்ள கிருமிக்கு உறவு; அண்மைக் காலத்தில்தான் அது மலாய்க்காரர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. கப்பலேறி வந்த நம் தாத்தா பாட்டிகள் புழுங்கல் அரிசியோடு இதையும் வயிற்றில் சுமந்து வந்திருக்கிறார்கள்.

நெஞ்செரிச்சலும் மேல்வயிற்று வலியுமாக ஆண்டுக்கணக்கில் சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பவர்களில் சிலருக்குத் தேவை, மூச்சுப் பரிசோதனையும் இரண்டு வார நுண்ணுயிர்க்கொல்லியும். கிருமி போனால் புண் ஆறும், திரும்ப வருவதும் அரிது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994லேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்தது. கிருமி மட்டுமே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. மலேசியாவில் கிருமி மிகுதியாக இருப்பது இந்தியர்களிடம். இரைப்பைப் புற்றுநோய் மிகுதியாக வருவதோ சீனர்களுக்கு. கிருமியின் வகையா, மரபா, சமையலா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கிருமி ஒன்றாக இருந்தும் அது விழும் வயிறு வேறுபடுகிறது என்ற அளவில், விதையை மட்டும் பார்க்காமல் நிலத்தையும் பார்க்கச் சொன்ன பழைய வைத்தியத்தின் உள்ளுணர்வுக்கு இங்கே இடம் இருக்கத்தான் செய்கிறது.

ஆயுர்வேத மருந்துகளையே நேர்மையாகச் சோதிக்க முடியாதா? முடியும், கோயம்புத்தூரில் செய்திருக்கிறார்கள். ஆமவாதத்தோடு ஒப்பிடப்படும் முடக்குவாதத்துக்கு, ஆயுர்வேத மருந்து ஒரு குழுவுக்கு, மெத்தோட்ரெக்சேட் என்ற நவீன மருந்து இன்னொரு குழுவுக்கு, இரண்டும் சேர்த்து மூன்றாவது குழுவுக்கு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிடும் மருத்துவருக்கும் தெரியாது. மாத்திரை, கஷாயம் எல்லாவற்றுக்கும் போலிகூடத் தயாரித்தார்கள். 43 பேர், 36 வாரம். 2011ல் முடிவு வந்தது: மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு குணம் கண்டிருந்தன. ஆனால் 43 பேர் மிகக் குறைவு. பெரிய ஆய்வுக்கு இது அழைப்பு, தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்றும் உண்டு. மருந்து வேலை செய்தாலும், மூட்டில் ஆமம் தங்கியிருந்தது என்று அதனால் நிரூபணமாகிவிடாது. மருந்தைச் சோதிப்பதும் அதன் பின்னாலுள்ள விளக்கத்தைச் சோதிப்பதும் தனித்தனி வேலைகள். சுக்குக்கும் இப்படித்தான். அஜீரணக்காரர்களிடம் நடந்த ஒரு சிறு ஆய்வில் இஞ்சி இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கியது. ஆனால் அவர்கள் உணர்ந்த உப்புசமும் வலியும் அதனால் குறையவில்லை.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் ஏழு துறைகளை அங்கீகரிக்கிறது. ஆயுர்வேதமும் சித்தமும் அடங்கிய பாரம்பரிய இந்திய மருத்துவம் அவற்றில் ஒன்று. இது நல்ல ஏற்பாடு. மருந்து வாங்கும்போது பெட்டியின் மேல் ‘மால்’ என்று தொடங்கி, எண்களுக்குப் பின் ‘டி’ என்ற எழுத்து வரும் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்தபோது 14ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது என்று 2004ல் வெளியிட்டார்கள். ஈயம் உடம்பில் சேர்ந்தால் வயிற்றுவலியும் மலச்சிக்கலும் பசியின்மையும் வரும். செரிமானத்துக்கென்று தின்ற மருந்தே செரிமானத்தைக் கெடுக்கும். நோய் தீரவில்லை என்று இன்னும் ஒரு கரண்டி கூட்டித் தின்பார்கள்.

இப்போது நம் வீடுகளில் அதிகமாக உள்ள நோய்க்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. 2023 கணக்கெடுப்பில் நாட்டின் விகிதம் 15.6 ஆகக் குறைந்தாலும், முன்வரிசையில் நிற்பது நாம்தான். நீரிழிவோடு ஒப்பிடப்படும் பிரமேக நோய்க்குச் சரக சம்ஹிதை சொல்லும் காரணங்களைப் படித்தால் வியப்பு வரும்: உட்கார்ந்தே இருக்கும் சுகம், மிகுதியான தூக்கம், தயிர், புதுத் தானியம், வெல்லப் பண்டம். கூட்டரசு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் காரில் உட்கார்ந்து வீடு திரும்பி, இரவு பதினொரு மணிக்கு மமாக் கடையில் ரொட்டி சானாயும் கெட்டிப்பால் தே தாரிக்கும் சாப்பிடும் ஒருவருக்குச் சரகர் வேறு எதையும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இரவில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் காலையைவிடக் குறைவு என்பது இன்றைய உடலியக்கவியலும் அளந்து சொன்னது. முந்தைய வேளை உண்டது செரித்த பிறகே அடுத்தது என்ற பழைய விதிக்கும் உடலில் ஆதாரம் இருக்கிறது: ஒரு சாதாரணச் சாப்பாடு இரைப்பையை விட்டு நீங்க நான்கு மணி நேரம் ஆகும், எண்ணெய் கூடினால் இன்னும் அதிகம்.

ஆனால் இங்கேதான் காரணமும் விளைவும் தலைகீழாக மாறுவதைக் காண வேண்டும். பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால், பாதத்து நரம்பு மரத்துப்போவது போலவே இரைப்பையை அசைக்கும் நரம்பும் பழுதாகும். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும், உப்பும், குமட்டும், காலையில் உண்டது மாலையில் அப்படியே வாந்தியில் வரும். வீட்டில் எல்லாரும் மந்தம் என்பார்கள். அது மந்தம்தான், ஆனால் நோயின் தொடக்கம் அது கிடையாது; நீண்ட நாள் நோயின் பின்விளைவு. திரிபலாவும் லேகியமும் தின்றுகொண்டு இரத்தச் சர்க்கரையைப் பார்க்காமல் இருந்தால், காரணத்தை வளரவிட்டு விளைவுக்கு வைத்தியம் பார்த்ததாக ஆகும். இப்படிப்பட்டவருக்குச் சாப்பாட்டுக்கு முன் போட்ட இன்சுலின் ஒரு நேரத்திலும், உணவுச் சர்க்கரை வேறு நேரத்திலும் ரத்தத்தில் சேரும். சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்குவதும் உண்டு. நீரிழிவு உள்ளவர் தம் வயிற்றுக் கதையை வைத்தியரிடம் மட்டும் சொல்லாமல் நீரிழிவு மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். எடை காரணமில்லாமல் குறைவது, மலம் கறுப்பாகப் போவது, விழுங்கச் சிரமம், ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் அஜீரணம் ஆகியவற்றுக்கு உள்நோக்குச் சோதனைதான் முதல் அடி.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது நெஞ்சில் வரும் ‘கேஸ்’. நெஞ்சடைப்பு, மேல்வயிற்றில் அழுத்தம், ஏப்பம், குளிர்ந்த வியர்வை. இரவு விருந்துக்குப் பிறகு வந்தால் வாயு என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பெருங்காயம் கரைத்துக் கொடுத்து, முதுகை நீவிவிட்டு, விடியட்டும் பார்க்கலாம் என்கிறார்கள். இரைப்பையின் நரம்பும் இதயத்தின் நரம்பும் தண்டுவடத்தில் அடுத்தடுத்த இடங்களில் சேர்வதால் மூளைக்கே வலி எங்கிருந்து வருகிறது என்று சரியாகத் தெரியாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல், வெறும் அஜீரணம் போலவோ மூச்சிரைப்பாகவோ மாரடைப்பு வரலாம். தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே அது வருகிறது. இரத்தக்குழாய் அடைபட்ட நிமிடத்திலிருந்து இதயத் தசை செத்துக்கொண்டே போகும். இசிஜி எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். ஆகவே பத்து நிமிடத்தில் அடங்காத, வியர்வையோடு வரும் ‘வாயு’வுக்கு முதலில் 999ஐ அழையுங்கள். காரோட்டத் தெரிந்த மகன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், நோயாளியே காரோட்டிக்கொண்டு போகவும் விடாதீர்கள். இசிஜியும் இரத்தப் பரிசோதனையும் இதயத்தில் ஒன்றுமில்லை என்று சொன்னால், அதற்குப் பிறகு வைத்தியரிடம் போய் நாக்கை நீட்டிக் காட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை.